கத்திரி வெயிலில் பிள்ளைகளுக்குத் தோட்ட முகாம்: எத்தனை நாள், எந்தப் பயிர்?

ஏப்ரல் 3, முகப்பேர் வாசகி கேட்டது

எங்கள் குடியிருப்பில் மே மாதம் பிள்ளைகளுக்கு ஐந்து நாள் தோட்ட முகாம் நடத்த அசோசியேஷனில் முடிவு செய்திருக்கிறார்கள். மண் கலப்பது, விதை போடுவது, கடைசி நாள் ஆளுக்கொரு தொட்டிச் செடி கொடுத்து அனுப்புவது. இதில் பிள்ளைகள் எதையாவது கற்றுக்கொள்வார்களா? போட்டோ எடுத்து குரூப்பில் போடுவதோடு முடிந்துவிடும் என்று எனக்குப் படுகிறது. நடத்திய அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஏப்ரல் 3, இரவு

ஐந்து நாள் போதாது. முதல் நாள் போட்ட விதை ஐந்தாம் நாள் இரண்டு இலையோடு நிற்கும். அதை அப்படியே விட்டுவிட்டு, நர்சரியில் வாங்கிய செம்பருத்தியைக் கையில் கொடுத்து அனுப்பினால், பிள்ளைக்குத் தான் போட்ட விதைக்கும் கையில் இருக்கும் செடிக்கும் என்ன சம்பந்தம் என்றே புரியாது. அந்தச் செடி ஜூன் மாதம் பால்கனியில் காய்ந்து கிடக்கும்.

வில்லிவாக்கம் பக்கம் எங்கள் தெருவில் ஒவ்வொரு கோடையிலும் இதை நடத்துகிறோம். பத்து வீட்டுக் குடியிருப்பு ஒன்று, அதன் பின்னால் சும்மா கிடந்த நீளமான மண் தரை, ஒரு குழாய், இவ்வளவுதான். நான் அடித்துச் சொல்வது ஒன்றுதான்: முகாம் எத்தனை நாள் என்பதைப் பயிர் முடிவு செய்யட்டும். நாம் ஐந்து நாள், பத்து நாள் என்று நோட்டீஸ் அடித்துவிட்டு அதற்குள் அடங்கும் பயிரைத் தேடக் கூடாது.

முளைக்கீரை விதைத்த மூன்றாம் நான்காம் நாள் தலைகாட்டும், 25 நாளில் பிடுங்கலாம். அப்படியென்றால் முகாம் 25 நாள். ஒரு நாளைக்கு ஒன்றரை மணி நேரம், காலை ஆறரை முதல் எட்டு. நாள் முழுக்கப் பிள்ளைகளை உட்கார வைத்து வண்ணம் தீட்டவிடும் ஐந்து நாளைவிட இதற்குக் கூலி, செலவு எல்லாம் குறைவு.

ஏப்ரல் 4

ஏன் கீரை என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். முதல் காரணம் வெயில். முளைக்கீரை, சிறுகீரை, அரைக்கீரை எல்லாம் ஒரே குடும்பம். மக்காச்சோளம், கரும்பு மாதிரி இவையும் சி4 வகை, அதாவது கடும் வெயிலிலும் நன்றாக உணவு தயாரித்துக்கொள்ளும் செடிகள். மற்ற செடிகள் சுருண்டு நிற்கிற வெயிலில் இவை தண்ணீர் இருந்தால் வளர்ந்துகொண்டே இருக்கும். கொத்தமல்லியை மே மாதம் சென்னையில் போட்டால் முளைப்பதே அரிது, முளைத்தாலும் சீக்கிரம் பூவுக்குப் போய்விடும்.

இரண்டாவது காரணம் விதை. கீரை விதை ஒரு கிராமில் ஆயிரத்துக்கு மேல் இருக்கும். கறுப்பாக, பளபளவென்று, ஊதினால் பறக்கிற அளவு. பிள்ளைகள் விரலில் எடுக்கப் பார்ப்பார்கள், ஒட்டிக்கொண்டு வராது. மணலில் கலந்து தூவு என்று நாமாகச் சொல்லாதீர்கள். கொஞ்ச நேரம் திணறட்டும். போன கோடையில் ஒரு நாலாம் வகுப்புப் பெண் தானே மண்ணோடு பிசைந்து தூவிக் காட்டினாள். மணல் எதற்கு என்பதை அதற்குப் பிறகு யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஏப்ரல் 5

கேரட் கேட்கும் பிள்ளைகளுக்கு என்ன சொல்வது? கேரட் ஊட்டியில் விளைகிறது, இந்தச் சூட்டில் கிழங்கு வைக்காது என்று உள்ளதைச் சொல்லுங்கள். ஸ்ட்ராபெரிக்கும் அதே பதில்தான். எந்த ஊரில், எந்த மாதத்தில், எது விளையும் என்பதும் பாடம்தானே. வெண்டை, கொத்தவரை, காராமணி மூன்றும் இந்த வெயிலுக்கு நிற்கும். கீரைக்கு ஓரமாக இவற்றில் சில குழி போட்டுவையுங்கள், பிறகு பயன்படும். வெண்டை விதையை முதல் நாள் இரவு ஊறவைத்துப் போடுங்கள்.

ஏப்ரல் 9

மண் கலவை பற்றிக் கொளத்தூர் அண்ணா கேட்டதற்கு. தரையில் மண் இருந்தால் மட்கிய தொழு உரமும் கொஞ்சம் வேப்பம் புண்ணாக்கும் போதும். மாடி என்றால் செம்மண், தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம் ஆளுக்கொரு பங்கு. நார்க்கழிவுக் கட்டி ஒன்று 5 கிலோ இருக்கும், தண்ணீர் ஊற்றினால் 70 லிட்டர் அளவுக்கு உப்பி வரும். இதைப் பெரியவர்கள் முன்கூட்டியே செய்து வைக்காதீர்கள். கட்டி உடைந்து பொங்குவதைப் பார்க்கும்போது பிள்ளைகள் போடும் சத்தத்தைக் கேட்க வேண்டும்! அதில் உப்பு இருக்கும், இரண்டு மூன்று முறை அலசிப் பிழிய வேண்டும். அலசிய தண்ணீரை வேறு செடிக்கு ஊற்றாதீர்கள்.

ஒரு கண்ணாடி பாட்டிலில் பாதி மண், பாதி தண்ணீர் போட்டுக் குலுக்கி வைத்துவிடுங்கள். மணல் உடனே அடியில் இறங்கும், வண்டல் அதற்கு மேல், களி மறுநாள் வரை கலங்கியே இருக்கும். எங்கள் தெரு மண்ணையும் பக்கத்து காலி மனை மண்ணையும் இரண்டு பாட்டிலில் வைத்தோம். அடுக்குகள் வேறு வேறாக வந்தன. எதில் தண்ணீர் நிற்கும், எதில் ஓடிவிடும் என்று அவர்களே சண்டை போட்டு முடிவுக்கு வந்தார்கள்.

ஏப்ரல் 10

மாடியில் நடத்துபவர்களுக்கு ஒரு வரி. 20 லிட்டர் பை நனைந்தால் 15 கிலோவுக்குக் குறையாது. ஐம்பது பையை ஒரே மூலையில் குவிக்காதீர்கள், சுவரோரமாகப் பரப்பி வையுங்கள். தளத்தில் ஏற்கெனவே ஒழுகல் இருந்தால் மாடியை விட்டுவிட்டு வேறு இடம் பாருங்கள். கைப்பிடிச் சுவர் பிள்ளைகளின் நெஞ்சுக்கு மேல் இருக்க வேண்டும்.

ஏப்ரல் 14

புத்தாண்டு வாழ்த்துகளோடு கட்டணம் எவ்வளவு என்றும் கேட்டிருக்கிறீர்கள். நாங்கள் வாங்குவதில்லை. வாங்கக் கூடாது என்பதில் எனக்கு உறுதி உண்டு.

எங்கள் பின்தெருவில் ஏழைக் குடும்பங்களுக்காக அரசு கட்டிய வாரியக் குடியிருப்பு இருக்கிறது. முதல் கோடையில் எங்கள் கட்டடத்துப் பிள்ளைகள் மட்டும்தான் வந்தார்கள். மதிலுக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் ஏறி உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார்கள். வாட்ச்மேன் அண்ணன்தான் "அதுங்களையும் கூப்பிடுங்கம்மா, சும்மாதானே உக்காந்திருக்கு" என்றார். கூப்பிட்டோம். சங்கத்தில் ஓரிருவர் முகம் சுளித்தார்கள், பிறகு பழகிவிட்டார்கள்.

வந்த பிள்ளைகளைப் பார்த்து நாங்கள் கற்றுக்கொண்டது தண்ணீர் விஷயம். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் குழாயைத் திறந்துவிட்டு ஹோஸால் மண்ணைக் குழி பறித்தார்கள். லாரித் தண்ணீர் குடத்தில் பிடித்துத் தூக்கிப் பழகிய பிள்ளைகளோ ஒரு குவளையை மூன்று செடிக்குப் பங்கிட்டு, வேரோரமாக ஊற்றினார்கள். அதற்குப் பிறகு ஹோஸை எடுத்து உள்ளே வைத்துவிட்டோம். பூவாளி மட்டும்தான்.

வாட்ச்மேன் அண்ணன் திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர், ஊரில் மணிலா (நிலக்கடலை) போட்டவர். உங்கள் கட்டடத்திலும் கார் துடைப்பவர், பாத்திரம் தேய்க்கும் அக்கா, இஸ்திரிக்காரர் என்று யாராவது ஒருவர் பத்து வருடத்துக்கு முன்புவரை வயலில் நின்றவராக இருப்பார். ஆயிரக்கணக்கில் கொடுத்து வெளியிலிருந்து பயிற்சியாளரை அழைப்பதற்கு முன் அவரிடம் கேளுங்கள். அவர் நேரத்துக்கு உரிய கூலியைக் கொடுங்கள், பிள்ளைகளை "அண்ணன்", "அக்கா" என்று கூப்பிட வையுங்கள். களைக்கொத்தைப் பிடிக்கும் விதத்தை அவர் காட்டும்போது பாருங்கள், எந்த வீடியோவிலும் அது வராது.

ஏப்ரல் 16

இதெல்லாம் வெளிநாட்டு ஃபேஷன் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். காந்தியின் ஆதாரக் கல்வி 1937 வார்தா மாநாட்டில் பேசப்பட்டது. கைத்தொழில் வழியே பாடம் என்பதுதான் அதன் அடிப்படை, விவசாயமும் அந்தத் தொழில்களில் ஒன்று. வெளிநாட்டிலும் இது புதிதல்ல. நியூயார்க்கில் ஃபேனி கிரிஸ்கம் பார்சன்ஸ் 1902இல் ஒரு பூங்காவின் குப்பை மேட்டைச் சீர்செய்து நெருக்கடியான குடியிருப்புகளின் பிள்ளைகளுக்குப் பண்ணை தொடங்கினார். புரூக்ளின் தாவரவியல் தோட்டத்தின் குழந்தைகள் தோட்டம் 1914 முதல் நடக்கிறது.

அங்கே ஆளுக்கொரு பாத்தி கொடுத்தார்கள். நம் முகாம்களில் பெரும்பாலும் எல்லாம் பொது. இதில் எனக்கு இன்னும் ஊசலாட்டம் உண்டு. பொதுப் பாத்தி என்றால் யாரோ தண்ணீர் ஊற்றுவார்கள் என்று ஒவ்வொருவரும் நினைத்து, ஞாயிற்றுக்கிழமை செடி வாடிவிடும். தனிப் பாத்தி என்றால் பக்கத்துப் பாத்தி வாடினாலும் திரும்பிப் பார்க்காத பிள்ளை உண்டு. இந்த வருடம் ஒரு பெரிய பாத்தியில் கயிறு கட்டி ஆளுக்கொரு சாண் வரிசை. தண்ணீர் மட்டும் முறை போட்டு எல்லோருக்கும் ஒருவர் ஊற்ற வேண்டும். எப்படி வருகிறது என்று சொல்கிறேன்.

ஏப்ரல் 22

தொடங்கிவிட்டோம். முதல் நாள் விதைப்பதற்கு முன் தெருவைச் சுற்றி ஒரு நடை. இதைத் தவறவிடாதீர்கள்.

மதிலோரம், சாக்கடை மூடியோரம் தானாக முளைத்தவை மட்டும்தான் கணக்கு. குப்பைக்கீரை, துத்தி, மூக்கிரட்டை, கீழாநெல்லி, குப்பைமேனி, மணத்தக்காளி எல்லாமே கிடைத்தன. கீழாநெல்லியின் இலைக்காம்பைத் திருப்பிப் பார்த்துக் காய் அடியில் வரிசையாகத் தொங்குவதைக் கண்டதும் ஒவ்வொரு செடியையும் திருப்பிப் பார்க்க ஆரம்பித்தார்கள். குப்பைமேனி வேரைப் பிடுங்கிக் கீழே போட்டோம். தெருப்பூனை வந்து முகர்ந்து அதன்மேல் புரண்டது. அரை மணி நேரம் வேறு வேலை நடக்கவில்லை.

அதே நடையில் ஆபத்தையும் காட்டிவிடுங்கள். ரோட்டு நடுவே வைத்திருக்கும் அரளி முழுக்க விஷம். ஊமத்தையின் முள்ளுக்காயும் விஷம். பார்த்தீனியத்தைத் தொட்டால் சிலருக்குத் தோல் தடிக்கும். தெரியாத எதையும் வாயில் வைக்கக் கூடாது, தெரிந்ததையும் சாக்கடை ஓரத்தில் பறித்துத் தின்னக் கூடாது. இதை மட்டும் தினமும் ஒருமுறை சொல்லவைக்கிறோம்.

ஏப்ரல் 23

செருப்பு. நேற்று எழுத விட்டுப்போனது. கையுறை வேண்டாம், மண் கையில் படட்டும், வேலை முடிந்ததும் நகம்வரை சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். வெறுங்கால் மட்டும் கூடவே கூடாது. நாய், பூனை கழிக்கிற மண்ணில் கொக்கிப்புழு தோல் வழியே ஏறும். 10 வயதிலும் 16 வயதிலும் போட வேண்டிய டிடி ஊசி (ரணஜன்னி, தொண்டை அடைப்பான் தடுப்பூசி) போட்டாயிற்றா என்று பெற்றோரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஏப்ரல் 26

முளைத்துவிட்டது, எல்லா வரிசையிலும் அல்ல. இரண்டு வரிசையை எறும்பு தூக்கிப் போய்விட்டது. எறும்பு வரிசையைப் பிள்ளைகள் பின்தொடர்ந்து போய்ப் படிக்கட்டுக்குக் கீழே புற்றுவாயில் கறுப்பு விதைகள் கிடப்பதைக் கண்டுபிடித்தார்கள். மருந்து போடலாமா என்று கேட்டார்கள். வேண்டாமென்று சொல்லி, பாத்தியைச் சுற்றிச் சாம்பலும் மஞ்சள் தூளும் தூவிவிட்டு மறுபடி விதைக்க வைத்தோம்.

விதை போனவர்களில் ஒரு ஏழு வயதுப் பையன் அழுதுவிட்டான். பக்கத்து வரிசைக்காரி தன் வரிசையில் நெருக்கமாக இருந்ததைக் கலைத்துக் கொடுக்கிறேன் என்றாள். கீரை நாற்றைப் பிடுங்கி நட்டாலும் பிழைக்கும், மாலையில் நட்டு நிழல் கொடுத்தால் போதும். சாண் வரிசை பற்றிய என் ஊசலாட்டத்துக்கு இது பாதி பதில். தன்னுடையது என்று ஒன்று இருப்பதால்தான் கொடுக்கவும் முடிந்தது.

மே 4

கத்திரி தொடங்குகிறது. ஏழரைக்கெல்லாம் முடித்துக்கொள்கிறோம். 50 சதவீதப் பச்சை நிழல்வலை கட்டியாயிற்று.

இன்று செய்த சோதனையை யார் வேண்டுமானாலும் செய்யலாம். ஒரே அளவு இரண்டு தொட்டி, ஒரே அளவு தண்ணீர். ஒன்றின் மேல் காய்ந்த வேப்பிலைச் சருகு மூடாக்கு, இன்னொன்று வெறும் மண். மாலையில் வந்து விரலை விட்டுப் பார்க்கச் சொன்னோம். வெறும் மண்ணில் இரண்டாவது கணு வரை சூடு, காய்ந்து கிடக்கிறது. சருகுக்கு அடியில் மேல் மண்ணே ஈரம். வாரியக் குடியிருப்புப் பெண் ஒருத்தி உடனே கேட்டாள்: "அப்ப எதுக்கு தெனமும் சருகைக் கூட்டி எரிக்கிறாங்க?" நாளையிலிருந்து எங்கள் கட்டடத்தில் எரிப்பதில்லை என்று செக்ரட்டரி அவளிடமே சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டபோது இந்தப் பிள்ளைகளில் பலர் கைக்குழந்தைகள். அந்தக் கதையை வீட்டில் கேட்டுவரச் சொன்னோம். அரிசி கழுவிய தண்ணீரும் ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரும் இப்போது வாளியில் வருகின்றன. ஆர்.ஓ. கழிவுநீரைக் கொண்டுவந்தார்கள், அதில் உப்பு கூடுதல், தொட்டிக்கு வேண்டாம், தரை துடைக்க வைத்துக்கொள்ளச் சொன்னோம்.

மே 6

பஞ்சகவ்யம் தெளிக்கலாமா என்ற கேள்விக்கு: தெளிக்கலாம், லிட்டருக்கு 30 மில்லி என்பது வழக்கமான அளவு. ஆனால் அதைத் தயாரிக்கவே மூன்று வாரத்துக்கு மேல் ஆகும். 25 நாள் கீரைக்கு அது தேவைப்படாது, தொழு உரம் போதும்.

மே 9

கொத்தவரையில் அசுவினி, சாறு உறிஞ்சுகிற சின்னப் பூச்சி. செம்பருத்தியில் மாவுப்பூச்சி. அதாவது எனக்குப் பிடித்த வாரம்.

பூச்சியைப் பார்த்தவுடன் மருந்து என்று ஓடாமல் இரண்டு நாள் விட்டுவைத்தோம். பொறிவண்டு வந்தது. சிவப்பில் கறுப்புப் புள்ளி வண்டை எல்லோருக்கும் பிடித்தது. அதன் புழு முதலை மாதிரி முரட்டுத்தனமாக இருப்பதால் நசுக்கப் போனார்கள். அந்தப் புழுதான் அசுவினியை அதிகம் தின்கிறது என்று ஒரு தண்டின் அருகே உட்கார வைத்துக் காட்டினோம். ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் லென்ஸை வைத்துக்கொண்டு எழுந்திருக்கவே இல்லை.

மாவுப்பூச்சிக்குக் காத்திருக்கவில்லை. லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைவதற்குக் கொஞ்சம் சோப்புத் தண்ணீர், வெயில் ஏறுவதற்கு முன் இலைக்கு அடியில். எதற்குக் காத்திருப்பது, எதற்குக் கூடாது என்று ஒரு பெற்றோர் கேட்டார். பூச்சியைத் தின்னுகிற எதிரி கண்ணில் பட்டால் காத்திரு, எறும்பு ஏறிப் பூச்சிக்குக் காவல் இருந்தால் காத்திராதே. எனக்குத் தெரிந்த பதில் இதுதான்.

மே 11

வயது வரம்பு எட்டு என்று போன வருடம் இங்கே எழுதியிருந்தேன். இப்போது ஐந்து என்பேன். சின்னதுகள் மண்புழு வேலைக்கு நிகரில்லாதவர்கள். "இதுக்கு வாய் எந்தப் பக்கம்?" என்று ஒரு யு.கே.ஜி. கேட்டதில் பெரிய பிள்ளைகளெல்லாம் கூடிவிட்டார்கள். உடம்பில் தடித்த வளையம் எந்த முனைக்குப் பக்கத்தில் இருக்கிறதோ அந்த முனைதான் தலை. ஆனால் ஐந்து வயதுக்கு அரை மணிக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, கூட ஒரு பெரியவர் இருக்க வேண்டும்.

மே 17

அறுவடை. வேரோடு பிடுங்கி, அலசி, சாண் அளவு கட்டு கட்டினார்கள். மறுவிதைப்பு வரிசைகள் இன்னும் ஒரு வாரம் நிற்கும்.

எவ்வளவு யாருக்கு என்பதில் ஒரு மணி நேர விவாதம். தன் வரிசை தனக்கு என்று ஒரு கட்சி. எல்லோரும்தானே தண்ணீர் ஊற்றினோம் என்று மறு கட்சி. பெரியவர்கள் வாய் திறக்கவில்லை. கடைசியில் ஆளுக்கொரு கட்டு, மீதி வாட்ச்மேன் அண்ணன் வீட்டுக்கும் இஸ்திரி வண்டிக்கும் என்று ஆனது. இதற்காகவே அறுவடை நாளில் வேறு நிகழ்ச்சி, மேடை, சான்றிதழ் எதுவும் வைக்காதீர்கள்.

ஒரு வரிசையைப் பிடுங்காமல் விட்டிருக்கிறோம், விதைக்கு.

மே 18

"இனிமேல் கீரை சாப்பிடுவாளா?" என்று பல அம்மாக்கள் கேட்கிறார்கள். சில பிள்ளைகள் சாப்பிட்டார்கள், சிலர் தான் வளர்த்ததையே தொடவில்லை. தட்டில் என்ன நடந்தது என்பதை வைத்து முகாமை அளக்காதீர்கள். சந்தையில் ஒரு கட்டுக் கீரைக்கு அம்மா பேரம் பேசும்போது முகாமுக்கு வந்த பெண் ஒருத்தி அவர் கையைப் பிடித்து இழுத்து, "25 நாள் ஆகும்மா" என்றாளாம். பக்கத்து வீட்டு அக்கா சொன்னார். எனக்கு அது பெரிது.

ஜூன் 2

வெண்டை பூத்தது. காலையில் விரியும், சாயங்காலத்துக்குள் சுருங்கிவிடும். அதனால் பார்க்க நினைக்கிற பிள்ளை காலையில் எழுந்து வந்தே ஆக வேண்டும். பூத்த நாளைச் சீட்டில் எழுதிக் காம்பில் கட்டச் சொல்லியிருக்கிறோம். ஆறேழு நாளில் பறித்தால் பிஞ்சு, விட்டால் நார்.

2023இல் வெயில் காரணமாகப் பள்ளி திறப்பு ஜூன் 12க்கும், சின்ன வகுப்புகளுக்கு 14க்கும் தள்ளிப்போனபோது, முதல் வெண்டையைப் பறிப்பது வரைக்கும் எல்லாப் பிள்ளைகளும் இருந்தார்கள். பள்ளி முன்னதாகத் திறந்துவிட்டால் பறிப்பதற்குக் காலையில் நாலு பேர்தான் வருவார்கள். ஆகவே வெண்டை போடுகிறவர்கள் ஏப்ரல் நடுவிலேயே போட்டுவிடுங்கள்.

ஜூலை 20

விட்டுவைத்த கீரை வரிசை ஆள் உயரத்துக்குக் கதிர் விட்டு, காய்ந்து, கையால் தேய்த்தால் கொட்டுகிற பதத்துக்கு வந்துவிட்டது. ஞாயிறு காலை பழைய பிள்ளைகள் வந்தார்கள். துணி விரித்து உதிர்த்து, வாட்ச்மேன் அண்ணன் மனைவி முறத்தில் புடைத்துக் காட்டினார். பிள்ளைகள் புடைத்ததில் பாதி விதை தரையில். பரவாயில்லை, அது அங்கேயே முளைக்கும்.

ஒரே செடியில் உள்ளங்கை நிறைய விதை. இந்த இழை முழுக்க நான் சொல்லவந்ததற்கு இதைவிட வேறு காரணம் என்னிடம் இல்லை: விதையில் தொடங்கியதை விதை வரை கொண்டுபோக வேண்டும், ஐந்து நாளில் அது முடியாது. பள்ளி திறந்த பிறகும் ஞாயிறுகளில் கதவு திறந்திருக்க வேண்டும்.

ஜூலை 21

முகப்பேர் தோழிக்கு. முடிவு செய்தும் மே மாதம் சங்கத்தில் இடம் தரவில்லை, இப்போது தொடங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக. ஆடிப்பட்டம் கோடையைவிட நல்லது, வெயில் குறைகிறது, மாலை மழையும் அவ்வப்போது உண்டு. அவரை, பாகல், சுரை, கத்தரி, வெண்டை எல்லாம் போடலாம். ஞாயிறு காலை மட்டும் பிள்ளைகள், இடைப்பட்ட நாட்களில் தண்ணீருக்கு முறை வைத்து வீட்டுக்கொருவர். குழாய்ச் சாவி யாரிடம் என்பதை முதல் கூட்டத்திலேயே முடிவு செய்யுங்கள், ஒரு சாவி வாட்ச்மேன் அண்ணனிடம், இன்னொன்று பிள்ளைகளில் ஒருவரிடம். வடகிழக்குப் பருவமழை அக்டோபர் நடுவில் வந்துவிடும். அதற்குள் பந்தல் கட்டி முடிக்க வேண்டும், பைகளின் அடித்துளை அடைபடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கீரை விதை எங்களிடம் இருக்கிறது. ஞாயிறு எட்டு மணிக்குள் வந்தால் பிள்ளைகளே பொட்டலம் கட்டித் தருவார்கள்.